பெட்டியை மாற்றினால் பெற்றோல் மிஞ்சுமா?



நாலந்தா, நாவுல, மடவளை உல்பொத்தைப் பக்கத்து உறவுகளுக்கு ஒரு நீண்ட பதிவு. பழைய கார் வைத்திருப்பவர்களும், அதை மகனின் கையில் கொடுத்திருக்கும் வாப்பாமார்களும் தயவுசெய்து முழுவதும் வாசியுங்கள்.

நம் பகுதியில் இப்போது ஒரு பேச்சு ஓடுகிறது. "பழைய ஈ.சி.யூவைக் கழற்றிப் போடு, வெளியில் விற்கும் புதியதை மாட்டு. பிக்கப்பும் கூடும், பெற்றோலும் மிஞ்சும்." இதை நம்பிக் காசு கொடுக்கிறோம். சீட்டுக் காசு, நகை அடகு வைத்த காசு, வெளிநாட்டில் இருக்கும் நாநா அனுப்பிய காசு. ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். அளக்கும் கருவியும், மெப் எழுதத் தெரிந்த ஆளும் இல்லாமல் அந்தப் பெட்டியை மாட்டுவது காசைக் கரியாக்கும் வேலை. பல நேரம் எஞ்சினையும் கரியாக்கும்.

ஏமாறுகிறவர்களை நாம் குறை சொல்லவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு அந்தத் தடை நீங்க 2025 பெப்ரவரி ஆனது. நீங்கிய பிறகும் வரியைக் கேட்டால் தலை சுற்றுகிறது. 2022 ஜூனில் ஒரு லீற்றர் 92 பெற்றோல் 470 ரூபாய்க்குப் போனதை யாரும் மறக்கவில்லை. அதனால்தான் தொண்ணூறுகளில் வந்த கொரோலாவும் சன்னியும் லான்சரும் இன்னும் ஏ-9 வீதியில் ஓடுகின்றன. தம்புள்ளைக்கு ஹயர் போவதும் அந்தக் கார்தான், நடுராத்திரியில் மாத்தளை ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் அந்தக் கார்தான். அது படுத்துவிட்டால் ஒரு குடும்பத்தின் வருமானமும் சேர்ந்து படுத்துவிடும். பேச வேண்டியிருப்பது இதனால்தான்.

ஈ.சி.யூ என்ன செய்கிறது? எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போகிறது, தண்ணீர் எவ்வளவு சூடு, எக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறோம் என்பதையெல்லாம் சென்சர்களிடம் கேட்டு, எவ்வளவு பெற்றோல் விடுவது, எந்த நொடியில் பிளக்கைப் பற்றவைப்பது என்று தீர்மானிக்கிறது. பெற்றோல் முழுதாக எரிய 1 கிராமுக்குச் சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். சுமையோடு ஏற்றம் ஏறும்போது இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பெற்றோல் வேண்டும். கம்பனி கொடுத்த ஈ.சி.யூவுக்குள் இந்தக் கணக்கெல்லாம் குளிரிலும் வெயிலிலும் மலையிலும் ஓட்டிப் பார்த்து எழுதப்பட்டிருக்கிறது.

வெளியில் வாங்கும் பெட்டிக்கு நம் எஞ்சினைப் பற்றி எதுவும் தெரியாது. மெகாஸ்குவெர்ட், ஸ்பீடுயினோ, ஹால்டெக், லிங்க் எதுவானாலும் இதே கதைதான். எல்லாமே நல்ல கருவிகள், அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஸ்பீடுயினோவின் பெற்றோல் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். 16 வரிசை, 16 நிரல், மொத்தம் 256 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் சரியான இலக்கத்தை ஒருவர் எழுத வேண்டும். பற்றவைக்கும் நேரத்துக்கு இன்னோர் அட்டவணை. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ய, ஏசி போட்டால் ஐட்லிங் விழாமல் இருக்க என்று தனித்தனிக் கணக்குகள். இவற்றை நிரப்புவதற்குத்தான் உண்மையில் கூலி கொடுக்க வேண்டும். நம் பக்கத்தில் நடப்பது என்ன? யாரோ ஒருவருடைய காரின் மெப்பை லெப்டொப்பில் இருந்து ஏற்றி, ஸ்டார்ட் செய்து, இரண்டு தரம் உறுமவிட்டு, "சரி, கொண்டு போங்க" என்கிறார்கள்.

பெற்றோல் குறைந்து, தீப்பொறியும் முந்திவிட்டால் எஞ்சின் நொக் அடிக்கும். பிஸ்டன் ஓட்டை விழும், ரிங் உடையும். பெற்றோல் கூடினால் சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெய்ப் படலம் கழுவப்படும், பிளக் கறுக்கும். நம் ஊரிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறினால் கடல் மட்டத்தை விடக் காற்றழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றழுத்தத்தைக் கணக்கில் எடுக்காத மெப் அங்கே கறுப்புப் புகை கக்கும்.

"புகைப் பரிசோதனையில் பாஸ் ஆனதே" என்கிறார்கள். அந்தப் பரிசோதனை நிறுத்திய இடத்தில், சுமை இல்லாமல், ஐட்லிங்கிலும் 2,500 சுழற்சியிலும் நடக்கிறது. ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு கண்டி ஏற்றத்தில் போகும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதை அந்தத் துண்டு சொல்லாது.

பெற்றோல் மிஞ்ச வேண்டும் என்பதுதான் நோக்கமென்றால் முதலில் இவற்றைப் பாருங்கள். சூடு ஏறுகிறது என்று என்றைக்கோ ஒரு பாஸ் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்திருப்பார். எஞ்சின் போதிய சூட்டுக்கு வராவிட்டால் ஈ.சி.யூ அது இன்னும் குளிராக இருக்கிறது என்று எண்ணிப் பெற்றோலைக் கூட்டி விட்டுக்கொண்டே இருக்கும். அந்த வால்வைத் திரும்பப் போடுங்கள். தண்ணீர்ச் சூட்டு சென்சர், ஒட்சிசன் சென்சர், வெடித்த வெக்யூம் குழாய், அடைத்த எயார் பில்டர், பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக், டயர்க் காற்று ஆகியவற்றைப் பாருங்கள். பழைய ஈ.சி.யூ கோளாறு செய்தால்கூட, தொண்ணூறுகளின் ஜப்பான் பெட்டிகள் பலவற்றில் பழுதாவது உள்ளே கசியும் கெப்பாசிட்டர்கள்தான். ஈயப்பற்று வேலை தெரிந்த ஒரு தம்பி சில்லறைக் காசில் மாற்றித் தருவார்.

அப்படியானால் வெளிப் பெட்டி எப்போதுமே கூடாதா? கூடும். பழைய ஈ.சி.யூ திருத்தவே முடியாமல் செத்திருக்கலாம். எஞ்சினையே மாற்றியிருக்கலாம். காபரேட்டரைக் கழற்றி இன்ஜெக்டர் போடலாம். இவையெல்லாம் நியாயமான காரணங்கள். அப்போதும் காசை நீட்டுவதற்கு முன் நான்கு கேள்வி கேளுங்கள்:

1. வைட்பேண்ட் லாம்ப்டா மீட்டர் இருக்கிறதா? பழைய ஒட்சிசன் சென்சர் பெற்றோல் கூடவா குறைவா என்று மட்டும்தான் சொல்லும். எவ்வளவு என்பதை வைட்பேண்ட்தான் சொல்லும்.
2. சுமையோடு வீதியிலோ டைனோவிலோ மெப் எழுதுவீர்களா?
3. மெப்பின் பிரதியை எங்களுக்குத் தருவீர்களா, பூட்டி வைப்பீர்களா?
4. பழைய ஈ.சி.யூவையும் வயரையும் வெட்டாமல் திருப்பித் தருவீர்களா?

தயங்குகிறவரிடம் காரைக் கொடுக்காதீர்கள்.

கடையில் சீனி நிறுக்கும்போது பத்துக் கிராம் குறைந்தால் சண்டைக்குப் போகிறோம். அளவையில் மோசடி செய்வோரை எச்சரிக்க ஒரு சூராவே இறங்கியிருக்கிறது. எஞ்சினுக்குள் போகும் பெற்றோலை அளக்காமலே "மிஞ்சும்" என்று சொல்லிக் காசு வாங்குவதை மட்டும் வியாபாரத் திறமை என்கிறோம். இது எந்த ஊர் நியாயம்?

இனித் தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. சைலன்சரில் வெடி வெடிக்க வைப்பதற்காகவே சிலர் இந்தப் பெட்டியைப் போடுகிறார்கள். அது எஞ்சினின் பலம் அல்ல. எரியாத பெற்றோல் புகைக்குழாய்க்குள் போய் எரியும் சத்தம். கட்டலிட்டிக் கொன்வேட்டரை அது தின்றுவிடும். இரவு பதினொரு மணிக்கு அந்தச் சத்தத்தில் பன்சலைக்குப் பக்கத்து வீட்டுக் குழந்தையும் எழும்புகிறது, பள்ளிவாசலுக்குப் பக்கத்து வீட்டு நோயாளியும் எழும்புகிறார். ஒருவன் வெடித்துவிட்டுப் போகிறான், "முஸ்லிம் பொடியன்கள்" என்ற பெயர் ஊர் முழுக்க விழுகிறது.

பெரியவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "இதெல்லாம் பொடியன்களின் பைத்தியம்" என்று கையைக் கழுவாதீர்கள். அல்ஜஸரி 1206இல் இயந்திர நூல் எழுதினார் என்று மீலாத் மேடையில் மார்தட்டுகிறோம். மகன் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு கேட்டால் முகம் சுளிக்கிறோம். அந்தப் பிரிவு 2013இல் பாடசாலைகளுக்கு வந்தது. மொரட்டுவையில் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. என்.வி.கியூ பாடநெறிகள் இருக்கின்றன. லெப்டொப்பில் மெப் எழுதும் பொடியனுக்கு வேண்டியது இயற்பியலும் கணிதமும்தான். அதை வகுப்பறையில் கொடுக்காமல் நடுவீதியில் கற்க விட்டது நாம்.

எனவே ஒரு யோசனை. ஒரு பெட்டிக்கு ஒருவர் செலவழிக்கும் காசை விடக் குறைவாக ஊருக்குப் பொதுவில் ஒரு வைட்பேண்ட் மீட்டர் வாங்கலாம். பள்ளிவாசல் நிர்வாகமும், பழைய மாணவர்களும், கராஜ்காரர்களும் சேர்ந்தால் முடியும். ஆர்வமுள்ள நான்கு பொடியன்கள் அதை வைத்துப் படிக்கட்டும். சிங்கள நண்பர்களும் வரட்டும், எஞ்சினுக்கு மொழி கிடையாது. முதல் வேலையாக ஊரில் ஓடும் பழைய கார்களை அளந்து பார்க்கட்டும். எந்தக் காருக்கு வால்வு போதும், எந்தக் காருக்குப் புதுப் பெட்டி வேண்டும் என்று அப்போது தெரியும்.

உடன்படாதவர்கள் கீழே எழுதுங்கள், பதில் தருகிறோம். அளந்த கணக்கோடு வருகிறவர்களுக்கு முதலிடம்.

நம் உழைப்பிலும் உடைமையிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.