அம்மாவின் தோடு எங்கே?

அப்பாவின் வருஷத் திதிக்காக, அம்மாவோடு அவர் நின்ற ஒரே செல்போன் படத்தை ஆன்லைனில் பிரிண்ட்டுக்குக் கொடுத்தேன். வந்ததில் அப்பா முழுசாக. ஓரத்தில் நின்ற அம்மாவின் தோளையும் தோட்டையும் காணோம்!

"அவர்தான் விட்டுட்டுப் போனார்; நீயும் வெட்டிட்டியேடா?" என்றாள் அம்மா.

பி.காம். படித்தும் விகிதத்தில் கோட்டை விட்டேன், ஸார்! செல்போன் படம் பெரும்பாலும் 3:4. பிரிண்ட்டோ 4-க்கு 6 அங்குலம், அதாவது 2:3. பக்கவாட்டில் வெட்டு விழும். அனுப்புமுன் நாமே 'கிராப்' செய்து பார்க்கணும். இடிச்சால் வெள்ளை பார்டர் விடணும். அங்குலத்துக்கு 300 புள்ளி கணக்கில் 1200-க்கு 1800 இருந்தால் பளிச்! வாட்ஸ்அப்பில் சும்மா அனுப்பினால் படம் சுருங்கிடும், டாக்குமெண்ட்டாக வாங்கணும்.

மறு பிரிண்ட் வந்தது. அம்மா முதலில் தேடியது தோட்டை.

"அவர் வாங்கித் தந்ததுடா!"