எழுபத்திரண்டாவது வாரத்துக் கோழி

நாமக்கல் மண்டலத்தின் முட்டை விலை நாளிதழ்களில் வரும்போது, செய்தியின் வாலில் இன்னும் இரண்டு விலைகள் ஒட்டிக்கொண்டிருக்கும்: கறிக்கோழி கிலோ இவ்வளவு, முட்டைக்கோழி கிலோ இவ்வளவு. கறிக்கோழி என்பது ஆறு வாரத்தில் இறைச்சிக்கென்றே வளர்த்தெடுக்கும் பிராய்லர். முட்டைக்கோழி என்பது ஒன்றரை வருடம் கூண்டில் நின்று, 300-க்கும் மேல் முட்டை கொடுத்துவிட்டு லாரி ஏறுகிற வெள்ளை லெகான். அந்தக் கடைசி வரியில் யாரும் நின்று யோசிப்பதில்லை. முட்டை போட்டு ஓய்ந்த கோழி இனிக் குழம்புக்குத்தான் ஆகும் என்பது பண்ணைக்காரர், கறிக்கடைக்காரர், அடுப்படியில் நிற்பவர் எல்லாரும் ஏற்றுக்கொண்ட சங்கதி. இங்கிலாந்துக்குப் போனாலும் இதே பேச்சுதான்; அங்கே அது குழம்புக்குப் பதில் பதப்படுத்திய இறைச்சியாகவும் வளர்ப்புப் பிராணிகளின் தீனியாகவும் போய்ச் சேர்கிறது.

இந்த நம்பிக்கையில் கோழியைப் பற்றிய உண்மை கொஞ்சம். தீவன மூட்டையின் விலையைப் பற்றிய உண்மை நிறைய.

பண்ணைக் கோழி 18 முதல் 20 வாரத்துக்குள் முட்டையிடத் தொடங்கும். 30 வாரத்தை நெருங்கும்போது நூறு கோழிக்கு நாளொன்றுக்கு 95 முட்டை வரை கிடைக்கும். 72 வாரத்தில் அது எண்பதை ஒட்டி இறங்கியிருக்கும். அப்போதும் ஒரு கோழி வாரத்துக்கு 5 முட்டையாவது இடுகிறது. ஆனால் தீனி குறைவதில்லை; அன்றும் இன்றும் நாளுக்கு 110 கிராம் போல உள்ளே போகிறது. 50,000 கோழி நிற்கும் பண்ணையில் 15 விழுக்காடு இறங்கினால் தினமும் 7,500 முட்டை இல்லை. போதாக்குறைக்கு, வயது ஏற ஏற முட்டை பெரிதாகி ஓடு மெலிகிறது. ஏற்றி இறக்குவதில் உடைகிறது. புதுக்கோழிகள் தயாராக நிற்கும்போது பழையதைக் கழிப்பது பண்ணைக்காரருக்கு நியாயமான கணக்கு. அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்று கோழி வைத்திருக்கும் வீட்டுக்கு அந்தக் கணக்கு எதற்கு? வாரத்துக்கு 15 முட்டை போதவில்லை என்று முகம் சுளிக்கிற குடும்பம் எது?

கோழி நிஜமாகவே ஓய்ந்துவிட்டதென்றால் முதலில் அந்தத் தொழில் அதை நம்பியிருக்க வேண்டும். அது நம்பவில்லை. கோழி ஆண்டுக்கொரு முறை இறகு உதிர்க்கும். அந்த ஓரிரு மாதம் முட்டையை நிறுத்தி, உடம்பைத் தேற்றிக்கொண்டு மறுபடி தொடங்கும். இதை அறிந்த அமெரிக்கப் பண்ணைகள் பல பத்தாண்டுகளாக, வயதான கோழிகளுக்கு நாட்கணக்கில் தீவனத்தை நிறுத்தி, எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் இறகு உதிர்க்க வைத்து, இன்னொரு சுற்று முட்டை எடுத்தன. 2006 முதல் அங்குள்ள முட்டை உற்பத்தியாளர் சங்கத்தின் நெறிமுறை பட்டினி போடுவதை ஏற்பதில்லை. சத்துக் குறைந்த தீவனம் கொடுத்து அதே காரியத்தை முடிக்கிறார்கள். கோழி இனங்களை உருவாக்கி விற்கும் பெருநிறுவனங்களோ 100 வாரத்தில் 500 முட்டை என்பதைத் தங்கள் இலக்காக வெளிப்படையாகவே சொல்லிக்கொள்கின்றன. விற்பவருக்கு 100 வாரம் வரை தெம்போடு தெரிகிற பறவை, கழிக்கும்போது மட்டும் 72 வாரத்தில் கிழடாகிவிடுகிறது.

பிரிட்டனில் இந்தப் பொய்யைச் செயலால் உடைத்தவர்களில் முக்கியமானவர் ஜேன் ஹோவர்த். டெவன் மாவட்டத்தில் 2005-இல் அவர் தொடங்கிய பிரிட்டிஷ் ஹென் வெல்ஃபேர் டிரஸ்ட், கழிக்கப்படும் நாளில் பண்ணைக்கே போய்க் கோழிகளை வாங்கிக்கொள்கிறது. முன்பே பெயர் கொடுத்தவர்கள் குறித்த நாளில் அட்டைப்பெட்டியோடு வந்து வரிசையில் நின்று, ஒரு நன்கொடையைக் கொடுத்துவிட்டு ஆளுக்கு மூன்று நான்காகக் கொண்டுபோகிறார்கள். ஒற்றைக் கோழியாகத் தரமாட்டார்கள். கோழி கூட்டமாக வாழும் பிராணி. இப்படிப் பல லட்சம் கோழிகள் வீட்டுத் தோட்டங்களுக்குப் போயிருக்கின்றன. எடுத்துப் போகிறவர்களில் நிறையப் பேர் அதற்குமுன் கோழியைக் கையால் தொட்டிராதவர்கள்.

அவர்களுக்குக் கிடைக்கும் புத்திமதிக்குக் குறைவில்லை. முதன்முதலாக வளர்ப்பவர் பண்ணைக் கழிவைத் தொடக்கூடாதாம். அது கம்பியைத் தவிர எதையும் அறியாததாம். மண்ணில் விட்டால் மிரண்டு செத்துவிடுமாம். வந்து இறங்கும் கோழியைப் பார்த்தால் இதை நம்பத்தான் தோன்றும். கழுத்தும் முதுகும் மொட்டை, கொண்டை வெளிறித் தொங்குகிறது, நகம் வளர்ந்து வளைந்திருக்கிறது. குளிருமே என்று இரங்கிக் கம்பளிச் சட்டை பின்னி அனுப்பிய நல்ல மனிதர்களும் அங்கே உண்டு. சட்டைக்குள் இருக்கும் கோழியால் இறகைக் கோத முடியாது. முளைக்கும் இறகுக்கும் அது இடைஞ்சல். சும்மா விட்டால் சில வாரங்களில் புதிய இறகு முளைக்கத் தொடங்கி, சில மாதங்களில் மூடிவிடும்.

மண்ணை அறியாது என்பதும் அளப்புதான். கூண்டுக்குள் புழுதியே இல்லாதபோதும் கோழி வெறும் கம்பிமேல் படுத்துப் புழுதிக் குளியலின் எல்லா அசைவுகளையும் செய்யும். விலங்கு நடத்தையை ஆராய்பவர்கள் இதை வெகுகாலமாகப் பதிவு செய்துவருகிறார்கள். மண்ணில் விட்ட பிறகு நடப்பது, தெரிந்த வேலைக்கு இடம் கிடைத்தது மட்டுமே. சில கோழிகளுக்கு ஒரு மணி நேரம் போதும், சிலவற்றுக்கு ஒரு வாரம் ஆகும்.

கோழிக்கு எது ஆகும் ஆகாது என்று மனிதர்கள் தாங்களாகவே முடிவு கட்டி ஏமாந்த கதை இன்னொன்றும் இருக்கிறது. கூண்டுப் பண்ணைகளை ஆராய பிரிட்டிஷ் அரசு அமைத்த பிராம்பெல் குழு 1965-இல் அறிக்கை தந்தது. மெல்லிய அறுகோண வலையில் நிற்பது காலுக்கு வேதனை, கனத்த கம்பியால் ஆன தளம் வேண்டும் என்றது அது. 1973-இல் ஹியூஸ், பிளாக் என்ற இரு ஆய்வாளர்கள் தளங்களைக் கோழிகளின் முன்னால் வைத்து, தேர்வை அவற்றிடமே விட்டார்கள். கோழிகள் அந்த மெல்லிய வலையைத்தான் விரும்பிப் போய் நின்றன.

சரி, ஓய்ந்த கோழி வேண்டாம், குஞ்சிலிருந்து தொடங்கலாம், அப்போதுதான் கைக்குப் பழகும் என்பார்கள். தமிழ்நாட்டில் இதைச் சோதித்துப் பார்க்காத தெரு இல்லை. சைக்கிள் கூடையில் சிவப்பும் பச்சையுமாகச் சாயம் பூசி வரும் குஞ்சுகளை அழுது அடம்பிடித்து வாங்காத பிள்ளைகள் குறைவு. அந்தக் குஞ்சுகள் பெரும்பாலும் முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் பொரிந்த சேவல்கள். முட்டையிடாது, பிராய்லர் போலச் சதையும் வைக்காது என்பதால் பொரித்த அன்றே பிரித்துத் தள்ளியவை. முதல் வாரத்தில் குஞ்சுக்கு 32 முதல் 35 டிகிரி வெப்பம் இரவும் பகலும் வேண்டும். அட்டைப்பெட்டியும் அரிசிநொய்யும் அதைக் கொடுக்காது. மூன்றாம் நாள் வீட்டில் அழுகை.

சேவல் குஞ்சுகளைப் பொரித்த அன்றே கொல்வதை ஜெர்மனி 2022 தொடக்கத்தில் சட்டம் போட்டுத் தடுத்தது. பெரும்பாலான நாடுகளில் அது இன்னும் அன்றாட வேலை. குஞ்சு பொரித்து வளர்க்க நினைப்பவர் வீட்டிலும் இதே கேள்வி வரும்: பொரிவதில் பாதி சேவலாகத்தான் இருக்கும், அவற்றை என்ன செய்வது? பண்ணையிலிருந்து வரும் பெட்டையிடம் இந்தத் தலைவலி இல்லை. வெள்ளைக்கழிச்சல் முதலான நோய்களுக்குத் தடுப்பூசி போட்டாயிற்று, குஞ்சுப் பருவத்து ஆபத்தெல்லாம் கடந்தாயிற்று, முட்டையும் இட்டுக்கொண்டிருக்கிறது. புதிதாக வளர்ப்பவருக்கு இதைவிட எளிதான தொடக்கம் எது?

எளிது என்றால் கவலையற்றது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மீட்ட கோழியைப் பற்றித் தேன் தடவிப் பேசுகிறவர்களும் ஒருவகையில் பொய்தான் பரப்புகிறார்கள். ஒரு முட்டை ஓட்டுக்கு 2 கிராம் போலக் கால்சியம் வேண்டும். தீவனம் போதாதபோது கோழி அதைத் தன் எலும்பிலிருந்தே எடுக்கிறது. டென்மார்க்கில் 40 பண்ணைகளின் கோழிகளைச் சோதித்து 2021-இல் வெளியிட்ட ஆய்வு, சுமார் 85 விழுக்காடு கோழிகளுக்கு நெஞ்செலும்பு முறிந்திருப்பதைக் காட்டியது. கூண்டுக் கோழி மட்டுமல்ல, வெளியில் மேய்ந்தவையும் அதில் அடக்கம். ஆகவே மீட்ட கோழிக்கு உயரமான பரண் ஆகாது. இரு கைகளாலும் இறக்கையை அணைத்துத்தான் தூக்க வேண்டும். முட்டைப் பாதையில் தொற்று, வயிற்றுக்குள் முட்டை கசிந்து அழற்சி, சினைப்பைக் கட்டி எல்லாம் இவற்றுக்குச் சகஜம். மனிதரின் சினைப்பைப் புற்றுநோயை ஆராய்பவர்கள் முட்டைக்கோழியைத் தேடிப் போவதே, அந்த நோய் அதற்குத் தானாகவே வருவதால்தான். சில கோழிகள் வந்த மாதத்திலேயே போய்விடும். சில நான்கைந்து வருடம் கிளறிக்கொண்டு திரியும்.

இதைக் கேட்டதும் புதுக்கோழியே வாங்கிவிடலாம் என்று ஓடுவதிலும் அர்த்தமில்லை. முட்டையிடும் பருவத்தில் கடையில் கிடைக்கும் கலப்பினப் பெட்டை இதே வம்சம்தான். காட்டுக்கோழி ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டை இட்டது. அதன் வழிவந்ததை 300 இட வைத்த விலை அந்த உடம்பிலும் எழுதியிருக்கிறது. அதிலிருந்து ஓரளவு தப்பியவை சிறுவிடை போன்ற பழைய இனங்கள். அவை முட்டையும் குறைவாகத்தான் இடும்.

பிரிட்டனில் புதிதாகக் கோழி எடுப்பவருக்கு வேறு சில சங்கதிகளும் காத்திருக்கின்றன. 2024 அக்டோபர் முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரே ஒரு கோழி வைத்திருந்தாலும் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். பறவைக் காய்ச்சல் பயம். பால், இறைச்சி புழங்கும் சமையலறையிலிருந்து வந்த சோற்றையோ காய்த்தோலையோ கோழிக்குப் போடுவது அங்கே குற்றம். நம் ஊர்ப் பாட்டிமார் கேட்டால் சிரிப்பார்கள். ஏற்கெனவே கோழி இருந்தால் புதியவற்றைச் சட்டென்று உள்ளே விடக்கூடாது. கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்பதற்கு வரிசை உண்டு என்று நார்வேக்காரர் ஷெல்டெரப்-எப்பெ 1920-களின் தொடக்கத்திலேயே விளக்கிவிட்டார். இடையில் கம்பிவலை வைத்து ஓரிரு வாரம் முகம் பார்த்துப் பழகவிட்டால் ரத்தம் குறையும்.

இப்படி மீட்பவர்கள் பண்ணைக்காரரின் கழிவை இலவசமாக அள்ளுகிறார்கள், அநியாயம் அப்படியே தொடர்கிறது என்ற குற்றச்சாட்டு கடுமையானது, பாதி உண்மையும்கூட. பிரிட்டனில் முட்டைக்கோழிகள் சுமார் 4 கோடி. வீடு தேடிப் போவது அதில் ஒரு துளி. பண்ணைக்காரரைத் திட்டாமல் பேசியதால்தான் ஜேன் ஹோவர்த்தின் அமைப்புக்குப் பண்ணைக் கதவு திறக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். ஆனால் இந்தக் குற்றச்சாட்டை உரக்கச் சொல்பவர்களில் பலர், கடையில் கூண்டில்லா முட்டை வாங்குவதோடு தங்கள் கடமை முடிந்தது என்று நினைப்பவர்கள். ஐரோப்பா வெறுங்கூண்டை 2012 ஜனவரி 1-இல் ஒழித்தது. அதுவரை ஒரு கோழிக்குக் கிடைத்த 550 சதுர சென்டிமீட்டர், ஏ4 தாளைவிடக் குறைவு. நல்ல மாற்றம்தான். எனினும் புல்வெளியில் மேய்ந்த கோழியும் அதே வயதை ஒட்டித்தான் லாரி ஏறுகிறது. அதன் உடன்பிறந்த சேவல்களும் முதல் நாளே போனவைதான். ஓய்ந்த கோழி என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் மேய்ச்சல் முட்டையை இவ்வளவு நிம்மதியாக யாரும் தின்றிருக்க முடியாது. பிரிட்டிஷ் அமைப்பு கூண்டுக் கோழியை மட்டுமன்றி மேய்ச்சல் கோழியையும் வாங்கி வீடு தேடித் தருவது இதனால்தான்.

நாமக்கல் கோழிக்கு இப்படி அட்டைப்பெட்டி வரிசை எதுவும் இல்லை. இருந்தாலும் தோட்டமும் நிழலும் உள்ளவர் முட்டைக்கோழி விற்கும் கடையில் உயிரோடு மூன்றை வாங்குவதை யாரும் தடுக்கப்போவதில்லை. ஒவ்வொன்றும் ஒன்றரைக் கிலோதான் இருக்கும். அலகின் நுனியை வெட்டியிருப்பார்கள், தரையில் சிதறிய தானியத்தைப் பொறுக்க அதற்குக் கஷ்டம். அதனால் பண்ணையில் தின்ற தூள் தீவனத்தையே கொஞ்ச நாள் ஆழமான தட்டில் வைத்து, பக்கத்தில் கிளிஞ்சலும் தண்ணீரும் வைக்க வேண்டும். முதல் நாலைந்து நாள் கூட்டிலேயே அடைத்துவைத்தால்தான் பொழுது சாய்ந்ததும் அங்கே திரும்பப் பழகும். கீரிக்கும் பூனைக்கும் தாழ்ப்பாள் போட வேண்டும். லெகான் லேசான உடம்புக்காரி, தேறியபின் சுவர் ஏறிப் பக்கத்து வீட்டுக் கீரைப் பாத்தியில் இறங்குவாள். ஒரு பக்க இறக்கையின் நீள இறகுகளை மட்டும் கத்தரித்துவிட்டால் அது நிற்கும். முதல் மாதம் அந்தக் கவலையும் வேண்டாம், திண்ணை ஏறவே தெம்பு இருக்காது.