ஊர்ந்து செல்லும் வீடு

வீட்டைக் கட்டிப்பார் என்பது பழமொழி. கட்டிய வீட்டை ஓட்டிப்பார் என்று அதனோடு சேர்த்துக்கொள்ளும் உரிமை அமெரிக்க நெடுஞ்சாலைகளில் வாழ்வோர்க்கு உண்டு. படுக்கை, அடுப்பு, குளியலறை, கழிப்பறை அனைத்தையும் ஒரு பேருந்தின் உடலுக்குள் அடக்கிய 'மோட்டார்ஹோம்' அங்கே பலருக்கு விடுமுறைக் கால ஊர்தி. சிலருக்கோ அதுவே இருப்பிடம். எழுத்தாளர் ஜான் ஸ்டெயின்பெக் 1960ஆம் ஆண்டு, சரக்குந்தின் மேல் பொருத்திய சிற்றறையில் சார்லி என்னும் நாயோடு நாட்டைச் சுற்றிவந்தார். 1962இல் அப்பயணத்தை நூலாக்கினார். அத்தகைய பயணங்களைக் கேட்டோர் உள்ளத்தில் ஒரு கனவு விளைந்தது: சாவியைத் திருப்பினால் விடுதலை. அக்கனவு முற்றும் பொய்யன்று. ஆயினும் ஒரு முகாமிலிருந்து அடுத்த முகாமுக்குப் பெயரும் நாளை உற்றுநோக்கினால், வீட்டு வேலை எதுவும் பின்தங்கிவிடவில்லை என்பது விளங்கும். எல்லாம் கூடவே புறப்பட்டு வருகின்றன.

புறப்படும் காலை, பக்கவாட்டில் நீட்டிய அறையை உள்ளிழுக்க வேண்டும். மின்வடத்தையும் நீர்க்குழாயையும் கழற்றிச் சுருட்ட வேண்டும். ஊர்தியைத் தாங்கி நிற்கும் ஜாக்கிகளை மடக்க வேண்டும். அலமாரிக் கதவொன்று தாழிடப்படாவிட்டால் முதல் வளைவிலேயே தட்டுகள் தரைக்கு வரும். இவற்றையெல்லாம் விஞ்சியது கழிவகற்றும் பணி. கழிப்பறைக் கழிவுக்கு ஒரு தொட்டி. குளித்த நீருக்கும் பாத்திரம் கழுவிய நீருக்கும் வேறொரு தொட்டி. கழிப்பறைத் தொட்டியை முதலில் திறப்பதே முறை. பின்னர்த் திறக்கும் குளியல் நீர் குழாயைக் கழுவிச் செல்லும். முகாமில் தங்கும் நாள்களில் கழிப்பறைத் தொட்டியின் அடைப்பைத் திறந்தே வைத்துவிட்டால் நீர் மட்டும் வடிந்துபோகும்; எஞ்சியது அடியில் இறுகிவிடும். நகரத்து வீட்டில் ஒரு கைப்பிடியை அழுத்தியவுடன் மறந்துபோகும் ஒன்றை, இங்கே கையுறை அணிந்த ஒருவர் தம் கையால் முடித்துவைக்கிறார். அருவருப்பு மிக்க பணிதான். எனினும், தம் கழிவு எங்கே போகிறது என்பதை அறிந்து வாழ்வோர் உலகில் மிகச் சிலரே; அவர்களுள் இவர்கள் அடங்குவர்.

சாலைக்கு வந்தபின் ஓட்டுநரின் கவலை உயரத்தைப் பற்றியது. பெரிய ஊர்தி இல்லங்கள் 12 அடி முதல் 13 அடிவரை உயர்ந்து நிற்பவை. வட கரோலினா மாநிலத்தின் டர்ஹம் நகரில் 11 அடி 8 அங்குல இடைவெளியே கொண்டிருந்த இருப்புப்பாதைப் பாலம், அடியில் நுழைந்த எத்தனையோ வண்டிகளின் கூரையைச் சீவி எடுத்துப் பெயர்பெற்றது. 2019இல் அதனை 12 அடி 4 அங்குலமாக உயர்த்தினர். அதன் பின்னும் மோதல்கள் நின்றுவிடவில்லை. கைப்பேசியின் பொதுவான வழிகாட்டி நிலப்படமோ தன்னைப் பின்தொடர்வது சிற்றுந்தா வீடா என்று அறியாது. சில சுரங்கச் சாலைகளில் சமையலுக்கான புரொப்பேன் எரிவாயுவோடு செல்லத் தடை உண்டு. பின்னால் சிற்றுந்தொன்றை நான்கு சக்கரமும் தரையில் உருள இழுத்துச் செல்வோர், வழிதவறி முட்டுச்சந்தில் புகுந்தால் பின்னோக்கி வர இயலாது. கட்டைப் பிரித்துத்தான் மீள வேண்டும்.

அடுத்த முகாமை அடைந்ததும் ஓய்வு வருவதில்லை, ரசமட்டம் வருகிறது. தரை சரிந்திருந்தால் தூக்கம் மட்டுமா கெடும்? அம்மோனியாவால் இயங்கும் பழைய வகைக் குளிர்பெட்டியும் பழுதாகும். எனவே சக்கரத்தின் கீழ்ப் பலகை வைத்து, ஊர்தியை ஏற்றியிறக்கி மட்டம் பார்க்கின்றனர்.

விரும்பிப் பயணம் செய்வோர்க்கு இவையெல்லாம் பொழுதுபோக்கின் பகுதி. விரும்பினும் விரும்பாவிட்டாலும் நகர்ந்தே தீர வேண்டியவர்களைப் பற்றித்தான் எண்ணிப்பார்க்க வேண்டும். 2008ஆம் ஆண்டின் பொருளாதாரச் சரிவுக்குப் பின் வீட்டையும் சேமிப்பையும் இழந்த முதியோர் பலர் சக்கர வீடுகளில் குடியேறினர். ஜெசிக்கா புரூடர் 2017இல் வெளியிட்ட 'நோமேட்லேண்ட்' என்னும் நூல் அவர்களுடைய வாழ்வைப் பதிவுசெய்தது. அதே பெயரில் வந்த திரைப்படம் 2021இல் ஆஸ்கர் விருது பெற்றது. கட்டண முகாம்களில் தொடர்ந்து தங்கப் பொருளில்லாத இவர்கள் அரசின் பொது நிலங்களை நாடுகின்றனர். அங்கே பெரும்பாலும் ஓரிடத்தில் 14 நாளே தங்கலாம். நிலமும் செடிகொடிகளும் சிதையாதிருக்கவும், ஒருவரே இடத்தைப் பற்றிக்கொள்ளாதிருக்கவும் ஏற்பட்ட விதி அது. அதன் நோக்கத்தில் குறையில்லை. ஆனால் போக்கிடம் உடையவர்க்கு எல்லையாக நிற்கும் அவ்விதி, போக்கிடம் அற்றவர்க்கு விரட்டும் கோலாகிறது. ஒவ்வொரு பெயர்ச்சிக்கும் எரிபொருள் வேண்டும். பழைய எந்திரம் வழியில் நின்றுவிட்டால், பழுதுபார்க்கும் கூடத்துக்கு வண்டி மட்டும் போவதில்லை. படுக்கையும் மருந்தும் சமையலறையும் சேர்ந்தே போகின்றன. அன்றிரவு அந்த முதியவர் எங்கே உறங்குவது?

வழியில்லை என்று கைவிரிக்கத் தேவையில்லை. நடுவண் அரசின் நிலமேலாண்மைத் துறை 1983ஆம் ஆண்டிலேயே அரிசோனா, கலிபோர்னியா பாலைநிலங்களில் நெடுநாள் தங்கிடங்களை ஏற்படுத்தியது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரையிலான பருவம் முழுவதும், ஒரே அனுமதிச் சீட்டோடு அங்கே தங்கலாம். அதே 1983இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் தெருக்களில் ஊர்தியில் வாழ்வதையே தடைசெய்தது. அத்தடை தெளிவற்றது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்ய 2014ஆம் ஆண்டு ஆயிற்று. பாலைநிலத்துக்குக் கைவந்த பெருந்தன்மை நகரத்துக்குக் கைவராதது வியப்பே. நீரும் கழிவு வாங்கும் குழியும் கொண்ட எளிய தங்கிடம் ஒன்றை ஒவ்வொரு பெருநகரமும் தன் எல்லையில் ஒதுக்கினால், தெருவோரம் தூய்மைகெடுகிறது என்னும் குறையும் நீங்கும், துரத்தலும் குறையும்.

இப்போதைய நிலையில், ஏப்ரல் நடுவில் பாலை காயத் தொடங்குகிறது. அனுமதிச் சீட்டுகள் காலாவதியாகின்றன. ஜாக்கிகளை மடக்கிக்கொண்டு ஊர்தி இல்லங்கள் குளிர்ந்த மலைக்காடுகளை நோக்கி வடக்கே ஏறுகின்றன. அங்கே 14 நாள் கணக்கு மீண்டும் தொடங்குகிறது.