மழைக் காலத்தில் கோயிலும் மலையும்

கல்லைச் சாமியாக்கும் ஊர் மயிலாடி.

குமரி மாவட்டத்தில் உள்ள இந்த ஊரில் பாதையோரமெல்லாம் சிற்பக் கூடங்கள். இங்கே உளி பட்டு உருவாகும் சிலைகள் எத்தனையோ ஊர்க் கோயில்களுக்குப் போகின்றன.

சிலை ஊர் ஊராகப் போகிறது. சிலை செய்கிறவர் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை ஊர் பார்த்திருக்கிறார்கள்?

கல் வேலை, வயல் வேலை, பள்ளிக்கூடம் என்று வருஷம் ஓடி விடுகிறது. "அடுத்த விடுமுறைக்குப் போவோம்" என்று அப்பா சொல்கிறார். அடுத்த விடுமுறையும் வந்து போய் விடுகிறது. பணம் மட்டுமே இதற்குக் காரணம் அல்ல. திட்டம் இல்லாததும் காரணம்.

பக்கத்திலேயே பழம்பெரும் கோயில்கள் இருக்கின்றன. ஒரு நாள் பஸ் பயணத்தில் மேகம் தவழும் பொன்முடி மலை இருக்கிறது. மழைக் காலத்தில் இவை தனி அழகு. அருவியில் தண்ணீர் இருக்கும். குளம் நிறைந்திருக்கும். வெயில் வாட்டாது.

ஆனால் மழை விளையாட்டுப் பொருள் அல்ல. மழைக்குத் தக்கபடி திட்டம் போட்டால்தான் போன குடும்பம் சிரித்த முகத்தோடு வீடு திரும்பும்.

எந்த மாதம்?

குமரி மாவட்டத்துக்கு மழை இரண்டு முறை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை.

ஜூன், ஜூலையில் மலைப் பக்கம் கொட்டித் தீர்க்கும். அக்டோபர், நவம்பரில் இடி மின்னலோடு அடைமழை. 2017 நவம்பர் 30-ந் தேதி ஒக்கி புயல் இந்த மாவட்டத்தைப் புரட்டிப் போட்டதை மறக்க முடியாது.

இரண்டு மழைக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. செப்டம்பர் மாதம்தான் அது. ஒரு மழை ஓயும் நேரம். மறு மழை தொடங்காத நேரம். கன்னிப்பூ அறுவடை முடிந்து கையில் நாலு காசு இருக்கும். மாதக் கடைசியில் பிள்ளைகளுக்குக் காலாண்டுத் தேர்வு விடுமுறையும் வரும். குடும்பத்தோடு புறப்பட இதுவே ஏற்ற சமயம்.

அம்மன் காட்டும் வழி

எப்படிப் போவது? அதற்கு நாஞ்சில் நாட்டிலேயே பழைய உதாரணம் இருக்கிறது.

திருவிதாங்கூரின் தலைநகராக ஒரு காலத்தில் விளங்கியது பத்மநாபபுரம். தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறிய பிறகு, நவராத்திரி விழாவுக்காகச் சாமி சிலைகள் அங்கே எடுத்துச் செல்லப்படுகின்றன. சுசீந்திரத்தில் இருந்து முன்னுதித்த நங்கை அம்மன், வேளிமலையில் இருந்து குமாரசாமி, பத்மநாபபுரம் அரண்மனையில் இருந்து தேவாரக்கட்டு சரஸ்வதி அம்மன் என்று மூன்று சாமிகளும் ஊர்வலமாகப் போகும் காட்சியைக் காணப் பாதையெங்கும் கூட்டம் கூடும்.

இந்த ஊர்வலம் ஒரே நாளில் ஓடிப் போய்ச் சேருவது இல்லை. குழித்துறையில் ஓர் இரவு, நெய்யாற்றின்கரையில் ஓர் இரவு என்று தங்கித் தங்கித்தான் போகிறது.

சாமியே தங்கிப் போகும்போது, கைக்குழந்தையும் வயதான பாட்டியும் உள்ள குடும்பம் ஒரே நாளில் ஏழு இடம் பார்க்க வேண்டும் என்று ஏன் பறக்க வேண்டும்?

முதல் நாள்: சுசீந்திரம்

வீட்டுக்கு அருகில் உள்ளதை முதலில் பார்க்க வேண்டும். தொலைவில் உள்ளதைக் கடைசியில் வைத்துக்கொள்ள வேண்டும். நடுவில் மழை வலுத்தால் அந்த இடத்திலேயே திரும்பி விடலாம். அதுவரை பார்த்தது லாபம்.

மயிலாடிக்குப் பக்கத்து ஊர் சுசீந்திரம். சிவன், திருமால், பிரம்மா மூவரும் ஒன்றாக வணங்கப்படும் தாணுமாலயன் கோயில் இங்கே இருக்கிறது. ஏழு நிலைக் கோபுரம் 134 அடி உயரம். அனுமார் சிலை 18 அடி. தட்டினால் இசை பிறக்கும் கல்தூண்கள் உண்டு. ஒரே கல்லில் பல தூண்களைச் செதுக்கியிருக்கிறார்கள். அவற்றைத் தட்டிப் பார்க்க ஆசைப்படக் கூடாது. கண்ணால் பார்த்தாலே போதும்.

கல் வேலை தெரிந்த அப்பா, பிள்ளைக்கு இங்கே பாடம் நடத்தலாம். எங்கே உளி ஆழமாகப் போயிருக்கிறது, எங்கே மெல்ல வருடியிருக்கிறது என்று அவரால்தான் காட்ட முடியும்.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் இந்தக் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கக்கூடப் பல சாதியாருக்கு உரிமை இல்லை. 1926-லும் 1930-லும் அதற்காகச் சத்தியாக்கிரகம் நடந்தது. 1936 நவம்பர் 12-ந் தேதி திருவிதாங்கூர் மன்னர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிட்டார். கோயில் கதவு எல்லோருக்கும் திறந்தது. இன்று குடும்பத்தோடு தலை நிமிர்ந்து நுழைவது, முன்னோர் பட்ட பாட்டின் பலன்.

சுசீந்திரத்தைக் காலையில் பார்த்து விட்டால், பிற்பகலில் பத்மநாபபுரம் மர அரண்மனைக்குப் போகலாம். இது தமிழ்நாட்டில் இருந்தாலும் கேரள அரசின் பொறுப்பில் உள்ளது. திங்கட்கிழமை விடுமுறை. அன்று போனால் பூட்டைத்தான் பார்க்க வேண்டும்!

இரண்டாம் நாள்: திருவட்டாறு

மறுநாள் மார்த்தாண்டம் பக்கம் போகலாம். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் 22 அடி நீளத்தில் பள்ளிகொண்டிருக்கிறார். மூன்று வாசல்கள் வழியாகத்தான் முழு உருவத்தையும் பார்க்க முடியும். இது கல் சிலை அல்ல. கடுசர்க்கரை யோகம் என்னும் கலவையால் ஆனது. 418 ஆண்டுகளுக்குப் பிறகு 2022 ஜூலை 6-ந் தேதி இங்கே கும்பாபிஷேகம் நடந்தது.

சுசீந்திரம், திருவட்டாறு இரண்டிலும் ஆண்கள் சட்டையைக் கழற்றி விட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மழையில் நனைந்த உடம்பு நடுங்கும். உலர்ந்த துண்டும் மாற்று வேட்டியும் பையில் இருக்கட்டும். நண்பகலில் நடை சாத்தி விடுவார்கள். காலையிலேயே போய் விடுவது நல்லது.

அருகில் சிதறால் மலை. பாறையில் தீர்த்தங்கரர் உருவங்களைச் சமணர்கள் செதுக்கியிருக்கிறார்கள். 9-ம் நூற்றாண்டுக் கல்வெட்டும் உண்டு. பிற்காலத்தில் இது பகவதி கோயிலும் ஆயிற்று. மழை பெய்தால் பாறை வழுக்கும். அப்போது பாட்டியை மேலே ஏற்ற வேண்டாம்.

தண்ணீரிடம் எச்சரிக்கை!

அடுத்து திற்பரப்பு அருவி. கோதையாறு இங்கே விழுகிறது. கரையில் மகாதேவர் கோயில்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "இங்கே மழை இல்லையே, குளித்தால் என்ன?" என்கிறார்கள். அருவியில் வரும் தண்ணீர் மேலே மலையில் பெய்த மழை. 1906-ல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணை மேலே இருக்கிறது. அணையில் உபரி நீரைத் திறந்தால், தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே அருவியில் வெள்ளம் பாயும்.

2024 மே 17-ந் தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்தது. 17 வயது மாணவன் ஒருவனை அடித்துக்கொண்டு போய் விட்டது. குளிக்கப் போன பிள்ளை உயிரோடு திரும்பவில்லை. அந்தத் தாயின் துயரத்துக்கு ஆறுதல் ஏது?

குளிக்கத் தடை என்று பலகை வைத்திருந்தால் குளிக்கக் கூடாது. தண்ணீர் கலங்கி வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ உடனே கரை ஏற வேண்டும். செல்போனில் படம் எடுப்பதற்காகப் பாறை மேல் நிற்பது வேண்டாம்.

மூன்றாம் நாள்: பொன்முடி

குழித்துறையில் ரெயில் ஏறினால் திருவனந்தபுரம். இரவு அங்கே தங்கி, மறுநாள் காலை பொன்முடிக்குப் பஸ் ஏறலாம். சுமார் 60 கிலோ மீட்டர். மலைப்பாதையில் 22 கொண்டை ஊசி வளைவுகள். குழந்தைகளுக்கு வயிறு முட்ட உணவு கொடுத்து ஏற்றக் கூடாது.

உச்சியில் பனியும் மேகமும் மாறி மாறி மூடும். புல்லில் அட்டை இருக்கும். கொஞ்சம் உப்பு கொண்டு போனால் போதும், பயம் இல்லை.

பலத்த மழை எச்சரிக்கை வந்தால் பொன்முடியை மூடி விடுவார்கள். ஆகவே புறப்படுமுன் வானிலை அறிவிப்பைக் கேட்க வேண்டும். மஞ்சள் என்றால் கவனம். ஆரஞ்சு என்றால் மலையும் அருவியும் வேண்டாம். சிவப்பு என்றால் 20 சென்டி மீட்டருக்கு மேல் மழை பெய்யலாம் என்று பொருள். வீட்டை விட்டே கிளம்பக் கூடாது.

தாய்க்கும் விடுமுறை

சுற்றுலா என்றால் அம்மா விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து புளிச்சாதம் கட்ட வேண்டும் என்பது வழக்கமாகி விட்டது. போகிற இடத்திலும் பாத்திரம் கழுவுவது அவள்தான். முதல் நாளைக்கு மட்டும் கட்டுச்சோறு இருக்கட்டும். மற்ற நாட்களில் ஓட்டலில் இட்டிலி சாப்பிட்டால் குடி முழுகி விடாது. துணிப்பையைப் பிள்ளைகளும் சுமக்கலாம்.

மூன்று நாள் பயணத்துக்கு நான்கு நாள் ஒதுக்க வேண்டும். அந்த நான்காவது நாள் மழைக்குரிய நாள். மழை கேட்டால் கொடுத்து விடலாம். கேட்காவிட்டால் குடும்பத்துக்கு ஒரு நாள் ஓய்வு.

பொன்முடி இந்த வருஷம் கிடைக்காமல் போனால் அழ வேண்டியதில்லை. மலை எங்கேயும் ஓடிப் போகாது. அடுத்த செப்டம்பரிலும் அங்கேயே இருக்கும். அதைப் பார்க்கக் குடும்பத்தில் அத்தனை பேரும் இருக்க வேண்டும். அதுதான் முக்கியம்.