கையெழுத்துக்காகக் காத்திருக்கும் வலி

முற்றிய புற்றுநோயில் துடிப்பவருக்கு மார்ஃபின் மருந்தை நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுக்க வேண்டும். வலி அடங்கவில்லை என்றால் அளவைக் கூட்ட வேண்டும். கூடவே மலச்சிக்கலுக்கும் மருந்து தர வேண்டும். வீடு தேடிப் போய் இதையெல்லாம் கவனிப்பவர் பெரும்பாலும் செவிலியர்தான். ஆனால் இந்தியாவில் மார்ஃபினுக்குச் சீட்டு எழுதும் உரிமை அவருக்கு இல்லை. டாக்டர் வரும் வரை வலி பொறுத்திருக்குமா?

உகாண்டாவைப் பாருங்கள். டாக்டர் ஆன் மெரிமன் 1993ல் அங்கே ஒரு ஹாஸ்பிஸைத் தொடங்கினார். மார்ஃபின் தூளைத் தண்ணீரில் கரைத்துத் தயாரிக்கும் மலிவான மருந்து கையில் இருந்தது. எழுதித் தரத்தான் டாக்டர்கள் போதவில்லை. அந்த ஏழை நாடு கையைப் பிசைந்துகொண்டு உட்காரவில்லை. தனிப் பயிற்சி பெற்ற செவிலியர்களும் கிளினிக்கல் ஆபீசர்களும் மார்ஃபின் எழுதலாம் என்று 2004ல் விதியையே மாற்றியது!

"செவிலியர் கையில் கொடுத்தால் மருந்து தவறான வழியில் போய்விடும்" என்பார்கள். பிரிட்டனில் நோயாளிகளை ஓபியம் வகை ஊசி மருந்தால் கொன்றதற்காக 2000ல் தண்டிக்கப்பட்ட ஹரால்ட் ஷிப்மேன் செவிலியரா? டாக்டர்! ஆக, காப்பது பட்டம் அல்ல, பதிவேடும் தணிக்கையும்தான். அதே பிரிட்டன்தான் 2012ல், தகுதி பெற்ற செவிலியர்கள் தங்கள் திறமைக்கு உட்பட்டு மார்ஃபின் எழுத அனுமதித்தது.

"டாக்டருக்குத் தெரிந்தது செவிலியருக்குத் தெரியுமா?" என்பது அடுத்த கேள்வி. எல்லா மருந்தையும் எழுத இங்கே யாரும் கேட்கவில்லை. நோய் இன்னதென்று டாக்டர் முடிவு செய்த பிறகு, சில மருந்துகளை மட்டும், பயிற்சியும் தேர்வும் முடித்தவர் எழுதட்டும் என்பதுதான் கோரிக்கை. ராத்திரி முழுக்க நோயாளி எத்தனை முறை அலறினார் என்று கேட்டு அறிந்தவருக்கு, அளவைக் கூட்டலாமா என்று தெரியாதா?

சட்டப்படி அபினி விளைவிக்கும் நாடு இந்தியா. 1985ல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் மார்ஃபின் நோயாளிகளுக்கே எட்டாக்கனியானது. 2014ல் சட்டத்தைத் திருத்தி, மருத்துவமனைகள் மருந்தை வாங்குவதை எளிதாக்கினார்கள். நல்ல காரியம். ஆனால் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறது. மருந்து அலமாரிக்கு வந்தால் போதுமா, படுக்கைக்கு வர வேண்டாமா?

தமிழகத்தில் 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் வீட்டுக்கே செவிலியர்கள் போய்க் கவனிக்க ஏற்பாடு செய்யப்பட்டது. புண்ணைக் கழுவலாம், குழாய் மாற்றலாம், கையைப் பிடித்து ஆறுதல் சொல்லலாம். அந்த வலிக்கு வேண்டிய மருந்தை மட்டும் எழுதக் கூடாதாம்! இது என்ன நியாயம்?

சாகப் போகிறவருக்கு நாளை என்பது நிச்சயமில்லை. அவர் வலியை "நாளைக்கு டாக்டர் வந்ததும் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுவது பாதுகாப்பு ஆகாது. அது கொடுமை.