உழைக்கும் சரக்கு எது?



நல்ல சரக்கு எது என்று கேட்டால், நீடித்து உழைப்பது என்று நாம் எல்லோரும் சொல்லிவிடுவோம். ஆனால் எவ்வளவு காலம் உழைக்கும் என்பதைப் பெட்டி மேல் அச்சடித்திருப்பதைப் பார்த்துத்தான் பெரும்பாலும் சொல்கிறோம். அப்படிச் சொல்லி நாம் ஒருமுறை பட்டதை எழுதினால், ஒலக்கூர், திண்டிவனம் வட்டார வியாபாரிகளுக்குப் பயன்படும் என்று கருதுகிறோம்.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் மொத்தக் கடையில் டேப் ரிக்கார்டரும் காலி கேசட்டும் பாட்டரியும்தான் முக்கியச் சரக்கு. அப்போது சென்னை பர்மா பஜாரிலிருந்து கையடக்கமான மினி டிஸ்க் ரிக்கார்டர்கள் சிலவற்றை வாங்கி வந்தோம். 1992ல் சோனி கொண்டுவந்த முறை அது. பிறகு பல கம்பெனிகள் அதில் கருவி செய்தன. 6.4 சென்டிமீட்டர் தட்டு, பிளாஸ்டிக் கூட்டுக்குள் தூசி படாமல் இருக்கும். பாட்டுக் கேட்கும்போது லேசர் ஒளி மட்டுமே அதைத் தொடுகிறது. கேசட் நாடாவைப் போலத் தேய்வதில்லை, சிக்குவதில்லை. ஆகவே "தேய்மானமே கிடையாது" என்று அடித்துச் சொல்லி விற்றோம்.

மைக் செட் வைத்திருந்த ஒருவர் நம் சொல்லை நம்பி வாங்கினார். திரௌபதை அம்மன் திருவிழாவில் பாரதக் கூத்தைப் பதிவு செய்தார். 74 நிமிடத் தட்டில் மோனோவாகப் பதிந்தால் 148 நிமிடம் பிடிக்கும். துகிலுரிதல் முடியும் தறுவாயில் பாட்டரி தீர்ந்து கருவி நின்றுவிட்டது. பதிவு முடிந்து நிறுத்தும்போதுதான் எந்தப் பாட்டு எங்கே இருக்கிறது என்ற குறிப்பை அந்தக் கருவி தட்டில் எழுதும். அது எழுதப்படவில்லையென்றால், தட்டில் ஒலி இருந்தும் இல்லாத கணக்குதான். அந்த முறைக்கே உள்ள குணம் அது. ஆனால் நாம் அவரிடம் அதைச் சொல்லவில்லை, நமக்கே தெரியாது. திரௌபதை வேடம் கட்டிய பெரியவர் அடுத்த வருடம் காலமாகிவிட்டார். கருவிக்கான பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அந்தக் குரலை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

பழைய கேசட்டுக்கும் குறை உண்டு. பெல்ட் தளரும், ஹெட்டில் அழுக்கு சேரும், மழைக்காலத்தில் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். சி-90 நாடா சி-60ஐ விட மெல்லியது. சி-120 இன்னும் மெல்லியது, சீக்கிரம் சிக்கும். ஆனால் பாதியில் மின்சாரம் போனாலும் அதுவரை பதிந்தது பதிந்ததுதான். நாடா தொங்கினால் பென்சிலால் சுற்றலாம். பெல்ட் மாற்ற உள்ளூரிலேயே ஆள் இருந்தார்.

மினி டிஸ்க் தட்டு உண்மையிலேயே உறுதியானது. ஆனால் தட்டு உழைத்து என்ன பயன்? கையடக்க மினி டிஸ்க் கருவிகளைச் சோனி 2011ல் நிறுத்தியது. 2013ல் சோனியின் மற்ற மினி டிஸ்க் கருவிகளும் நின்றன. காலித் தட்டுத் தயாரிப்பும் 2025 பிப்ரவரியில் முடிந்தது. பல மாடல்களுக்கு வேண்டிய மெல்லிய பட்டை பாட்டரிக்கே இன்று அலைய வேண்டும்.

ஆக, ஒரு கருவி உழைக்குமா என்பதைக் கருவியை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. உதிரி பாகம் கிடைக்குமா, பழுது பார்க்க உள்ளூரில் ஆள் உண்டா, பாதியில் நின்றால் வாடிக்கையாளருக்கு என்ன நஷ்டம் ஆகும் என்று கொள்முதலுக்கு முன்பே கேட்க வேண்டும். இன்று நாம் விற்கும் புளூடூத் ஸ்பீக்கருக்கும் எலக்ட்ரானிக் தராசுக்கும் இதே கேள்விகள்தான். பாட்டரியைக் கழற்ற முடியாமல் ஒட்டி வரும் சாமானை மலிவு என்று அடுக்கி வைத்தால், நாளை அது நம் கடையில்தான் திரும்பி வந்து நிற்கும். பழுது பார்க்கும் உரிமைக்கென்று மத்திய அரசே 2022ல் இணையதளம் தொடங்கியிருக்கிறது. வாடிக்கையாளர் கேட்பதற்கு முன் நாம் கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொன்று. நம் பகுதி வீடுகளில் கல்யாணம், கூத்து, பெரியவர்கள் குரல் என்று கேசட்டுகள் இன்னும் கிடக்கின்றன. ஓடுகிற டேப் ரிக்கார்டர் இருக்கும்போதே அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, இரண்டு இடங்களில் பிரதி வைக்கும்படி வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள். அதில் நமக்கு லாபம் வராமல் போகலாம். நம் கடைப் பேச்சை நம்பலாம் என்ற பெயர் வரும். வியாபாரிக்கு அதுதான் முதல்.