பழைய சிப்பந்தியின் முணுமுணுப்பு

தஞ்சை ஜில்லாவின் கடைவீதிகளில், முதலாளிக்கு வயது முப்பத்தைந்தும் மூத்த சிப்பந்திக்கு வயது அறுபதுமாக உள்ள கடைகள் அநேகம். தகப்பனார் காலத்தில் வந்து சேர்ந்த மனிதர். இளைய முதலாளியைத் தோளில் தூக்கிக்கொண்டு தேர் பார்க்கப் போனவராகவும் இருக்கலாம். அப்பேர்ப்பட்டவர் எதற்கெடுத்தாலும் "இதெல்லாம் உருப்படாது" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டால் என்ன செய்வது? வையவும் முடியாது, வாளாவிருக்கவும் முடியாது.

என்னிடம் முன்பு படித்த ஒருவர் இந்தத் தர்மசங்கடத்தைப் பற்றிப் பிரஸ்தாபித்தார். அவருடையது உரக்கடை. குடியானவர்கள் காதில் விழும்படியாகவே பெரியவர் கடையின் புது ஏற்பாடுகளைக் குறை கூறுகிறாராம். "ஸார், இவரை நிறுத்திவிடட்டுமா?" என்றார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். சற்று யோசித்து, "கைரேகைக் கருவி வந்த நாளாக" என்றார்.

விஷயம் அந்தப் பதிலில்தான் இருக்கிறது. மானிய உரத்தைக் கருவியில் பதிந்தே விற்க வேண்டும் என்பது 2018-இல் தேசமெங்கும் அமலுக்கு வந்தது. ஆயுள் முழுதும் மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலைக் கருவி பல சமயம் அடையாளம் கண்டுகொள்வதில்லை. கோபம் கொண்ட குடியானவர் ஏசுவது கருவியை அல்ல, பெரியவரை! அதுவரையில், மேட்டூர் அணை ஜூன் 12-ஆம் தேதி திறந்தால் யார் குறுவை வைப்பார், திறப்புப் பிந்தினால் யார் சம்பாவுக்குக் காத்திருப்பார், எவருடைய பாக்கி அறுவடையில் திரும்பும் என்பதெல்லாம் அவர் நினைவில் இருந்தது. இப்பொழுது அவரை யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

ஆகவே அந்த முணுமுணுப்பில் பாதி சமாசாரம், பாதி மரியாதைக் குறைவு. முன்னதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பின்னதைக் கண்டிக்க வேண்டும். கண்டிப்பதைக் கடை சாத்திய பிறகு, தனியே செய்ய வேண்டும். "உங்கள் சுபாவம் சரியில்லை" என்பதில் பிரயோஜனமில்லை. அறுபது வயதில் வேறு சுபாவத்துக்கு அவர் எங்கே போவார்? "நேற்று இன்னாரிடம் இப்படிச் சொன்னீர்கள். அவர் மூட்டை வாங்காமல் போய்விட்டார். இனி அவர்கள் எதிரில் வேண்டாம், மாலையில் என்னிடம் சொல்லுங்கள்" என்றால் போதும். சொன்னபடி மாலையில் உட்கார்ந்து கேட்கவும் வேண்டும். நம் நண்பர் அவ்விதமே செய்து, பாக்கி வசூலையும் பெரியவரிடம் ஒப்படைத்தார். கருவியைப் பற்றிய முணுமுணுப்பு நிற்கவில்லையாம்; ஆனால் மாலையில் மட்டுந்தான்.

சிடுசிடுப்பு சில சமயம் மனத்தில் அல்ல, முழங்காலில் இருக்கிறது. நாள் முழுதும் நிற்கும் கடைச் சிப்பந்திகளுக்கு ஆசனம் தர வேண்டுமென்று கேரளம் 2018-இலும், தமிழ்நாடு 2021-இலும் சட்டம் செய்தன. ஒரு முக்காலி போடுவதற்குக்கூட நமக்குச் சட்டம் வேண்டியிருந்தது!

"எங்கள் வீட்டு மனிதர்" என்ற உபசார வார்த்தையைச் சொல்லிச் சொல்லியே பல வருஷமாகச் சம்பளத்தை உயர்த்தாதவர்களும் உண்டு. இந்த ஜில்லாவுக்கு இது புதிதல்ல. தலைமுறை தலைமுறையாக "நம் ஆள்" என்று அழைக்கப்பட்ட பண்ணையாளைக் காரணமின்றி நீக்கக்கூடாது என்பதற்கு 1952-இல் தனிச் சட்டம் வர நேர்ந்தது. பெரியவரைக் குறை சொல்லுமுன் சம்பளப் புஸ்தகத்தை ஒரு தரம் புரட்டிப் பார்ப்பது நல்லது.

இத்தனைக்குப் பிறகும் அவர் திருந்தாவிட்டால்? பிரிய வேண்டியதுதான்; ஆனால் முறைப்படி. 1947-ஆம் ஆண்டின் கடைகள் சட்டத்தில் 41-ஆம் பிரிவு, ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணமும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான சம்பளமோ இன்றி நீக்கலாகாது என்கிறது. குற்றம் சாட்டி உடனே நீக்குவதானால் விசாரித்துச் சாட்சியத்தைப் பதிந்து வைக்க வேண்டும். பணிக்கொடையோ, 10 பேருக்குக் குறைந்த சிறு கடைகளுக்குப் பொதுவில் கட்டாயமில்லை. ஆயினும், வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் என்று 1972-இல் ஏற்பட்ட அளவை நம் மனச்சாட்சிக்கு வைத்துக்கொள்வதை யாரும் தடுக்கவில்லை. 30 வருஷம் உழைத்தவருக்கு அது 450 நாள் சம்பளம். அதை அவர் கேட்டு வரும்வரை காத்திராமல், அவர் வீட்டுக்கே போய்க் கொடுப்பது உசிதம்.